விளக்கு மாறியது, அடுப்பு மாறவில்லை: பம்பாயின் எரிவாயுவும் மின்சாரமும்

பம்பாய் நகரில் மின்விளக்கு முதன்முதலாக எரிந்தது 1882-இல், கிராஃபர்ட் மார்க்கெட்டில். மறு ஆண்டு அந்தச் சந்தைக்கும் சில சாலைகளுக்கும் மின்விளக்கு அமைத்துத் தர ஈஸ்டர்ன் எலெக்ட்ரிக் லைட் அண்ட் பவர் கம்பெனியுடன் நகராட்சி ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்கடுத்த ஆண்டே அக்கம்பெனி நொடித்துப்போய்க் கலைக்கப்பட்டது. சந்தையில் பழையபடி எரிவாயு விளக்குகளே ஏற்றப்பட்டன. எரிவாயுவிலிருந்து மின்சாரத்துக்கு மாற இந்நகரம் எடுத்த முதல் முயற்சி, மீண்டும் எரிவாயுவிலேயே போய் முடிந்தது.

அதற்கு ஏறக்குறைய 140 ஆண்டுகள் கழித்து, 2021 பிப்ரவரி 19 அன்று, ஒன்றிய அரசு 'கோ எலெக்ட்ரிக்' என்னும் பரப்புரையைத் தொடங்கியது. மின்வாகனங்களோடு மின்சமையலையும் மக்களிடம் கொண்டுசெல்வது அதன் நோக்கம். சமையல் எரிவாயுவுக்கு மானியம் தருவதற்குப் பதிலாக மின்சமையல் கருவிகளுக்கு மானியம் தரலாமே என்று அமைச்சர் நிதின் கட்கரி அந்த விழாவில் கேட்டார். 2023 நவம்பரில் மின்துறையின் கீழுள்ள இ.இ.எஸ்.எல். நிறுவனம் தேசியத் திறன்மிகு சமையல் திட்டத்தை அறிவித்தது. நாடெங்கும் 20 லட்சம் இண்டக்‌ஷன் அடுப்புகளைக் கொண்டுசேர்ப்பது அதன் இலக்கு.

இவ்விரண்டு முயற்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடந்தது விந்தையானது. பம்பாயின் விளக்கு எரிவாயுவை முற்றாகக் கைவிட்டு மின்சாரத்துக்கு வந்துவிட்டது. அடுப்போ கரியிலிருந்தும் மண்ணெண்ணெயிலிருந்தும் கிளம்பி எரிவாயுவில் போய் நிலைத்துவிட்டது. ஒரே நகரம், ஒரே வீடு, ஒரே குடும்பம், இரண்டு எதிர்த்திசைகள். இதை மக்களின் பழக்கம், சுவை, அறியாமை என்று விளக்குவது எளிது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கருவியை யார் தந்தார் என்பதைவிட, கம்பியையும் மீட்டரையும் கட்டணத்தையும் யார் சுமந்தார் என்பதே ஒவ்வொரு முறையும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

1. விளக்கின் கதை

1860-களில் பம்பாய் கேஸ் கம்பெனி நகரத்துக்கு எரிவாயு வழங்கத் தொடங்கியது. அது இன்றைய உருளை வாயு அன்று. நிலக்கரியை மூடிய கலன்களில் காய்ச்சி எடுக்கப்பட்ட வாயு, நிலத்தடிக் குழாய்கள் வழியே தெருவிளக்குகளுக்குச் சென்றது. லால்பாகில் 'கேஸ் கம்பெனி' என்ற பெயரைத் தாங்கிய சந்து இன்றும் இருக்கிறது.

அந்த விளக்கு மக்கள் மொழியிலும் தங்கிப்போயிற்று. பம்பாய் மராத்தியில் மண்ணெண்ணெய்க்கு 'காஸ்லேட்' என்று பெயர். 'கேஸ் லைட்' என்ற ஆங்கிலச் சொல்லே இப்படி மருவியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். தமிழிலும் இதற்கு இணை உண்டு. திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் தலைச்சுமையாக வந்த பெட்ரோமாக்ஸை நம் ஊர்களில் 'கேஸ் லைட்' என்றே அழைத்தனர். அதில் எரிந்ததும் மண்ணெண்ணெய்தான். குழாய் எரிவாயு பணக்கார வீடுகளுக்கும் பெருஞ்சாலைகளுக்கும் சென்றது. அதன் பெயர் மட்டுமே ஏழைகளை எட்டியது.

மின்சாரம் இரண்டாம் முறை வந்தபோது வலுவான அடித்தளத்தோடு வந்தது. 1905 ஜூலை 31 அன்று 'பம்பாய் எலெக்ட்ரிக் லைசென்ஸ்' கையெழுத்தானது. அதே ஆண்டு பம்பாய் எலெக்ட்ரிக் சப்ளை அண்ட் டிராம்வேஸ் கம்பெனி உருவானது. 1907 மே 7 அன்று மின்சார டிராம் ஓடியது. 1915-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள கோபோலியில் டாட்டாவின் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1947 ஆகஸ்ட் 7 அன்று, நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு வாரம் முன்பு, மின்விநியோகமும் டிராமும் பேருந்தும் நகராட்சியின் உடைமையாயின. இன்றைய 'பெஸ்ட்' அதுவே.

1884-க்கும் 1907-க்கும் உள்ள வேறுபாடு பல்பின் தரம் மட்டுமன்று. முன்னதில் ஒரு சிறு கம்பெனி, ஒரு சந்தை, சில சாலைகள். பின்னதில் டிராம் என்னும் நிலையான பெரிய வாடிக்கையாளர் இருந்தது. டிராமும் ஆலைகளும் நகரத்துக்கு மின்சாரத்தை நிலைநிறுத்தின. வீட்டு விளக்கு அந்த ஏற்பாட்டில் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. எரிவாயு விளக்கைக் கைவிடும்படி எந்தக் குடும்பமும் பெரும்பணம் செலவிட வேண்டியிருக்கவில்லை.

2. மாட்டுங்காவின் சுவர்கள்

1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் கொள்ளைநோயின் விளைவாக 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் நிறுவப்பட்டது. அது வகுத்த தாதர்-மாட்டுங்கா திட்டத்தில் அகன்ற சாலைகளும் காற்றோட்டமான மனைகளும் பிறந்தன. 1920-களிலும் 1930-களிலும் அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது ரயில்வே, வங்கி, வணிக நிறுவனங்களில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் அங்குதான் தொடங்கப்பட்டது.

இவ்வீடுகள் மின்சாரம் நகரில் பரவிக்கொண்டிருந்த காலத்தில் கட்டப்பட்டவை. ஆகவே விளக்குக்கான கம்பி பின்னர் ஒட்டவைத்த பொருளாக அன்றி வீட்டின் பகுதியாகவே வந்தது. குடிபுகுந்த குடும்பம் விசையைத் தட்டினால் போதும். மாற வேண்டும் என்று யாரும் பரப்புரை செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதே வீட்டின் அடுக்களையில் குமுட்டி அடுப்பும் கரியும் இருந்தன. பக்கத்தில் பம்ப் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. கூடத்தில் மின்சாரம், அடுக்களையில் கரி. இந்த முரணுக்கு முதற்காரணம் எளிய கணக்கு. ஒரு பல்புக்கு 40 அல்லது 60 வாட் போதும். ஒரு மின்அடுப்புக்கு ஆயிரம், இரண்டாயிரம் வாட் வேண்டும். விளக்குக்கு இழுத்த மெல்லிய கம்பி அடுப்பைத் தாங்காது.

அக்கால மின்வாரியங்கள் இதை உணர்ந்தே இருந்தன. இந்திய நகரங்கள் பலவற்றில் நெடுங்காலம் வீட்டுக்கு இருவகைக் கட்டணங்கள் இருந்தன: விளக்குக்கும் விசிறிக்கும் ஒன்று, சூடேற்றும் கருவிகளுக்கும் சிறு மோட்டாருக்கும் மற்றொன்று. இரண்டாவது, முதலாவதைவிடக் குறைவானது. பகலில் வீணாகும் மின்சாரத்தை அடுக்களையில் விற்க நினைத்த கம்பெனிகளின் வணிகத் தந்திரம் அது. எனினும் அதில் ஒரு கொள்கைத் தெளிவு இருந்தது. அடுப்பு மாற வேண்டுமானால் அடுப்புக்குத் தனிக் கம்பியும் தனி விலையும் வேண்டும். பிற்காலத்தில் மின்பற்றாக்குறை வந்ததும் இந்த ஏற்பாடு தலைகீழாயிற்று. அதிகம் பயன்படுத்துவோர் அதிக விலை தர வேண்டும் என்ற படிநிலைக் கட்டணம் வந்தது. சிக்கனத்துக்கு அது நியாயமான வழி. மின்அடுப்புக்கு அதுவே தடை.

3. செம்பூரின் இரட்டைப் பிறப்பு

எரிவாயு அடுக்களைக்குள் நுழைந்த கதை செம்பூரையடுத்த டிராம்பேயில் தொடங்குகிறது. அங்கே 1954-இல் ஸ்டான்வாக் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1955-இல் பர்மா ஷெல்லின் ஆலையும் இயங்கத் தொடங்கின. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் வாயுவை அழுத்தித் திரவமாக்கி உருளையில் அடைத்து, 'பர்ஷேன்' என்ற பெயரில் பர்மா ஷெல் 1955-இல் பம்பாயில் விற்கத் தொடங்கியது. இந்தியாவில் சமையல் எரிவாயு வணிகத்தின் தொடக்கம் அது.

அடுத்த ஆண்டே, 1956-இல், அதே டிராம்பேக் கடற்கரையில் டாட்டாவின் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. எரிவாயுவும் மின்சாரமும் ஏறக்குறைய ஒரே ஆண்டில், கூப்பிடு தூரத்தில், செம்பூரின் விளிம்பில் பிறந்தன. மாட்டுங்காவில் இடம் போதாமல் செம்பூருக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் அடுக்களைகளுக்கு இரண்டுமே அண்டை வீட்டுப் பொருள்கள்.

வென்றது எரிவாயு. அதற்குக் காரணங்கள் தெளிவானவை. உருளைக்குக் கம்பி தேவையில்லை. வீட்டின் மின்இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை. வளைந்த அடி கொண்ட வாணலியும் பித்தளைப் பாத்திரமும் ரசத்துக்கான ஈயச்சொம்பும் சுடரின் மேல் அப்படியே அமர்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக அரசு விலையைத் தாங்கியது. 1970-களில் எஸ்ஸோவும் பர்மா ஷெல்லும் நாட்டுடைமையாகி ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆனபின், மானிய விலை உருளை நடுத்தரக் குடும்பத்தின் உரிமைப் பொருளாயிற்று. இணைப்புக்குப் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எரிவாயு இணைப்பு ஒதுக்கித்தரத் தனி ஒதுக்கீடே இருந்தது.

1995-இல் மகாநகர் கேஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு குழாய்வழி இயற்கை எரிவாயு வந்தது. செம்பூர், மாட்டுங்கா போன்ற இடங்களின் குடியிருப்புச் சங்கங்களில் உருளைக்காகக் காத்திருக்கும் கவலையும் ஒழிந்தது. மின்சாரம் எந்த நாற்காலியில் அமர வேண்டியிருந்ததோ அதில் எரிவாயு வசதியாக அமர்ந்துகொண்டது.

4. தாராவியின் தாள்கள்

மாட்டுங்காவிலிருந்து நடந்துபோகும் தொலைவில் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்து தோல் பதனிடும் கிடங்குகளில் வேலை பார்த்தோர், அவர்களுக்குப் பின்வந்த தலைமுறைகள், விடியற்காலையில் இட்லி அவித்துத் தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் நகரெங்கும் கொண்டுசெல்வோர் வாழும் இடம். அங்கே எரிபொருளின் வரலாறு என்பது தாள்களின் வரலாறு.

மண்ணெண்ணெய் ரேஷன் அட்டையின் பேரில் கிடைத்தது. ரேஷன் அட்டைக்கு முகவரி வேண்டும். மகாராஷ்டிர அரசு 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்து, கணக்கில் வந்தோருக்குப் புகைப்பட அட்டை வழங்கியது. பின்னர் 1985, 1995, 2000 என்று தகுதிக்கான கடைசி நாள் மாறிக்கொண்டே வந்தது. அந்நாளுக்கு முன்பிருந்தே இருக்கிறேன் என்று மெய்ப்பிக்க ஒரு தாள். மீட்டருக்கும் எரிவாயு இணைப்புக்கும் மற்றொரு தாள். சில சமயம் மின்கட்டண ரசீதே மற்றெல்லாவற்றுக்கும் சான்றாயிற்று. தாராவியில் மீட்டர் என்பது மின்சாரத்தை அளக்கும் கருவி மட்டுமன்று. குடியிருப்பை ஒப்புக்கொள்ளும் அரசின் கையெழுத்தும்கூட.

இங்கே வாடகைக்கு இருப்போரின் நிலை தனியே கவனிக்கத்தக்கது. கீழ்வீட்டின் மீட்டரிலிருந்து மேல்தளத்துக்குக் கம்பி இழுக்கப்பட்டிருக்கும். கட்டணத்தை உரிமையாளர் குறிப்பார். இண்டக்‌ஷன் அடுப்பை அரசு இலவசமாகவே தந்தாலும், அதைச் செருகும் உரிமை குடித்தனக்காரரிடம் இல்லை. உருளையோ வேறு வகை. விலை கூடினாலும் அது அவருடையது. வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம்.

5. 2012-இன் பாடம்

அண்மைக் காலத்தில் எரிவாயுவிலிருந்து மின்சாரத்துக்கு நாட்டு மக்களை உண்மையில் தள்ளிய ஒரே நடவடிக்கை, மின்சமையலை நினைத்துச் செய்யப்பட்டதே அன்று. 2012 செப்டம்பரில் ஒன்றிய அரசு மானிய உருளைகளை ஆண்டுக்கு 6 என வரம்பிட்டது. உடனே கடைகளில் இண்டக்‌ஷன் அடுப்பின் விற்பனை பாய்ந்தேறியது. எதிர்ப்பு வலுக்கவே 2013 ஜனவரியில் வரம்பு 9 ஆனது. 2014 ஜனவரியில் 12 ஆனது. வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பு காபிக்கும் வெந்நீருக்கும் என ஒதுங்கியது. அதே 2012-இல் தமிழ்நாட்டில் மணிக்கணக்கான மின்வெட்டு நிலவியது. அடுப்பு இருந்தும் மின்சாரம் இல்லாத குடும்பங்களுக்கு எரிவாயுவே கைகொடுத்தது.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. 2015 செப்டம்பரில் தொடங்கிய எல்லை முற்றுகையால் நேபாளத்தில் எரிவாயு கிடைக்காமல் போனபோது மக்கள் மின்அடுப்புகளை வாங்கிக் குவித்தனர். 2014-இல் எக்வடோர் நாடு தன் மக்களை இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாற்ற முனைந்தது. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: மாறிய குடும்பத்துக்குச் சமையலுக்கென மாதம் 80 யூனிட் மின்சாரம் இலவசம். ஆயினும் எரிவாயுவின் மலிவு மானிய விலை அப்படியே தொடர்ந்ததால் திட்டம் தன் இலக்கை எட்டவில்லை.

6. ஓர் உருளையின் கணக்கு

மும்பைக் குடும்பம் ஒன்று இன்று மாற நினைத்தால் என்ன ஆகும்? 14.2 கிலோ உருளையில் உள்ள வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்கு நிகர். எரிவாயு அடுப்பில் அதில் 60 சதவீத அளவே பாத்திரத்தைச் சேர்கிறது என்று கொள்வோம். மீதி பக்கவாட்டில் வீணாகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் 85 சதவீத அளவு பாத்திரத்தைச் சேரும். ஆக, மாதம் ஓர் உருளை செலவழிக்கும் குடும்பம் அதே சமையலை ஏறத்தாழ 125 யூனிட்டில் முடித்துவிடலாம். ஆற்றல் நோக்கில் இது மறுக்க முடியாத ஆதாயம்.

ஆனால் மும்பையின் வீட்டு மின்கட்டணம் 100, 300, 500 யூனிட் எனப் படிகளாக ஏறுகிறது. விளக்கு, விசிறி, தொலைக்காட்சியோடு 90 யூனிட்டில் நிற்கும் தாராவிக் குடும்பம், அடுப்பை மாற்றியதும் 215 யூனிட்டுக்குப் போய்விடும். கூடும் 125 யூனிட்டில் 10 மட்டுமே குறைந்த விலைப் படியில் அடங்கும். மற்ற 115 யூனிட்டுக்கும் அடுத்த படியின் விலை. குறைவாகப் பயன்படுத்துவோரைக் காக்க வந்த முதற்படி, அடுப்பை மாற்றியவரைக் காக்காது. மூன்று பகுதிகளில் மூன்று விதமான தொல்லை என்பதும் நினைவிற்குரியது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பெஸ்ட் மின்சாரம் தருகிறது. செம்பூரில் அதானியும் டாட்டாவும் தருகின்றன. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் கம்பியை மாற்ற வேண்டும். செம்பூரில் குழாய் எரிவாயு வாசலில் நிற்கிறது. தாராவியில் மீட்டரே பிறர் பெயரில் இருக்கிறது.

நம்பகமும் ஒரு கேள்விதான். மின்வெட்டு அறியாத நகரம் என்று பெயர்பெற்ற மும்பை 2020 அக்டோபர் 12 காலை திடீரென இருண்டது. மின்ரயில்கள் நடுவழியில் நின்றன. அன்று மதியச் சமையல் பெரும்பாலான வீடுகளில் தடையின்றி நடந்தது என்றால் அதற்குக் காரணம் எரிவாயு.

7. புகை எங்கே போகிறது

மின்அடுப்பில் புகையில்லை என்பது பாதி உண்மை. டிராம்பே அனல்மின் நிலையம் நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்தே மின்சாரம் தருகிறது. சுத்திகரிப்பு ஆலைகளும் அங்கேயே இருக்கின்றன. அவற்றின் நடுவே மாகுல். தான்சா குடிநீர்க் குழாயோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டன. 2018 ஆகஸ்ட் 8 அன்று பாரத் பெட்ரோலிய ஆலையில் வெடிவிபத்து நிகழ்ந்தது. மாகுலின் காற்று வாழத்தக்கதன்று என்ற வாதத்தை ஏற்று, அங்கே இனி எவரையும் கட்டாயமாக அனுப்பக் கூடாது என்று 2019-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியது. நகரத்தின் அடுக்களைகள் எரிவாயுவில் எரிந்தாலும் மின்சாரத்தில் எரிந்தாலும் விலையின் ஒரு பகுதியை மாகுல் தந்துகொண்டிருக்கிறது. மின்சாரம் கதிரவனிலிருந்தும் காற்றிலிருந்தும் வராதவரை, மாற்றத்தால் அடுக்களைப் புகை ஒழிவதில்லை, இடம் மாறுகிறது.

இவ்வளவும் மின்சமையலுக்கு எதிரான வாதம் அன்று. நாட்டின் சமையல் எரிவாயுவில் பெரும்பகுதி இறக்குமதியாகிறது. கடல் கடந்து வரும் ஒரு பொருளின் மேல் கோடிக்கணக்கான அடுப்புகளை நிறுத்திவைப்பது ஆபத்து என்ற அரசின் கவலை நியாயமானதே. கேள்வி வழியைப் பற்றியது. மாட்டுங்காவில் விளக்கு எப்படி மாறிற்று என்பதில் விடை இருக்கிறது. சுவர் எழும்போதே கம்பி வந்தது.

அப்படியொரு வாய்ப்பு இப்போது தாராவியின் வாசலில் நிற்கிறது. அதன் மறுகட்டமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்பது திட்டம். பின்வந்தோருக்கும் மேல்தளத்தாருக்கும் வேறு இடங்களில். புதிய வீடுகளின் சுவர்களில் இரண்டாயிரம் வாட் அடுப்பைத் தாங்கும் கம்பி இருக்குமா? சமையலுக்கெனத் தனி மீட்டரும் தனி விலையும் வருமா? மேல்தளத்துக் குடித்தனக்காரர் எங்கே போனாலும் மீட்டர் அவர் பெயரில் இருக்குமா? அடுப்பு மாறுமா என்ற கேள்விக்கு விடை இவற்றில்தான் இருக்கிறது. இவற்றுக்கு விடை இல்லாமல் தரப்படும் அடுப்பு, 1883-இன் சந்தை விளக்கைப் போலச் சில காலம் ஒளிர்ந்துவிட்டு, இடத்தை எரிவாயுவிடம் திருப்பிக் கொடுத்துவிடும்.